கழுதைப்புலி கொண்டுபோன துக்கக் கோட்டு

கான்யே,
திங்கட்கிழமை காலை.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் ரா செயபெலோ அவர்களுக்கு, தங்கள் மறைந்த தங்கையின் கணவன் ஒலெபிலே வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

தாங்கள் நல்லபடியாக விடிந்து எழுந்தீர்களா? தங்கள் வீட்டு அக்கா நல்லபடியாக விடிந்து எழுந்தார்களா? பட்டியில் மாடுகள் எல்லாம் எழுந்து நின்றனவா, அந்த ஒற்றைக் கொம்புச் செவலையும் சேர்த்து? ஆழ்துளைக் கிணற்று மோட்டார் இந்த வாரமாவது ஓடுகிறதா? இங்கே நானும் விடிந்து எழுந்தேன். என்னைப் பற்றிச் சொல்ல இருக்கும் நல்ல செய்தி அந்த ஒன்றுதான். மீதியை உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் காது மந்தமான பிறகு தாங்கள் போனை ஒலிபெருக்கியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். போன மாதம் என் மூலநோயைப் பற்றித் தங்களிடம் இரண்டு வார்த்தை சொன்னேன்; மறுநாளே முப்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைக்காரர் எனக்கு மருந்து கொடுத்தனுப்பினார். அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள், மருந்து எரிகிறது. ஆகவே இது கடிதமாக வருகிறது. வியாழக்கிழமை உங்கள் பக்கம் வரும் பேருந்தின் ஓட்டுநர் தங்கள் கையில் மட்டும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

கெட்ட செய்தியை முதல் வரியில் எழுது, காரணத்தை மிச்சப் பக்கத்தில் எழுது என்று முப்பத்தாறு வருடம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னவன் நான். எனவே எழுதுகிறேன். வரும் சனிக்கிழமையோடு தங்கள் தங்கை கெனேல்வே போய் ஒரு வருடம் நிறைகிறது. அன்று விடியற்காலையில் தாங்கள் வந்து, அடக்கத்தன்று தாங்கள் எனக்குப் போட்டுவிட்ட துக்கக் கோட்டைத் தங்கள் கையாலேயே கழற்றி, முற்றத்தில் எரித்து, இவனுடைய துக்கம் முடிந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஆடு சொல்லியாகிவிட்டது. பெரிய பானைகள் மூன்று இரவல் வாங்கியாகிவிட்டது. போதகர் வருகிறார். கோட்டு மட்டும் இல்லை. அதைக் கழுதைப்புலி கொண்டுபோய்விட்டது.

கான்யே ஊருக்குள் கழுதைப்புலி எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அது வரவில்லை, நான்தான் போனேன். ஆயிரம் கிலோமீட்டர் போனேன். நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

கெனேல்வே சோளமாவுப் பைகளின் மேல்துண்டைக் கத்தரித்துத் தேயிலை டப்பாவில் சேர்த்துவந்தது தங்களுக்குத் தெரியும். பதினான்கு துண்டு சேர்ந்தால் குலுக்கலுக்கு அனுப்பலாம். வாழ்க்கையில் அவள் எதிலும் ஜெயித்ததில்லை. ஒருமுறை தேவாலயக் குலுக்கலில் கோழி விழுந்தது, வீட்டு வாசலுக்கு வருவதற்குள் அது கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டது. போன ஆகஸ்டில் கடைசியாக ஒரு உறை அனுப்பினாள். செப்டம்பரில் போய்விட்டாள். மார்ச்சில் பதில் வந்தது. “அன்புள்ள திருமதி கெனேல்வே, வாழ்த்துகள்! நீங்களும் உங்கள் கணவரும் மோரேமிக் காட்டில் கூடாரமிட்டு நான்கு நாள் விலங்குகளைப் பார்த்து மகிழப் போகிறீர்கள். ஆகஸ்ட் முப்பத்தொன்றுக்குள் வந்து சேருங்கள்.” கடிதத்தின் ஓரத்தில் ஒரு சிங்கம் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

“அந்தம்மா இறந்துட்டாங்க, மா. செப்டம்பர் வரைக்கும் நான் துக்கத்துல இருக்கேன். தேதியைக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியுமா?”

“அடடா, ரொம்ப வருத்தம், ரா. தள்ளி வைக்கலாம். பரிசு அவங்க பேர்ல இருக்கறதால அவங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுக் குடுக்கணும்.”

‘ரா’ என்று மரியாதையாகத்தான் அழைத்தாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

பரிசு போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். நம் ஊர்க்காரர்கள் யார் காட்டைப் பார்க்கப் போகிறோம்? நாட்டின் சின்னத்திலேயே வரிக்குதிரை நிற்கிறது. கான்யேயில் எத்தனை பேர் அதை நேரில் பார்த்திருக்கிறோம்? நானே அதைப் பலகையில் சாக்பீஸால் வரைந்து காட்டியதோடு சரி. என் வரிக்குதிரையைப் பார்த்துக் கழுதை என்று எழுதிய பிள்ளைகளுக்கும் மதிப்பெண் போட்டேன். ஆனால் ஒட்டகச்சிவிங்கி வழக்கு ஒன்று இருக்கிறதே. அது தங்களுக்கும் தெரியும், தாங்களே ஒருமுறை நடுவராகப் போய் இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருக்கிறீர்கள். ஒட்டகச்சிவிங்கி தண்ணீர் குடிக்கும்போது முன்னங்கால்களை அகட்டும் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணமான முதல் மாதத்தில் அதைக் கேட்ட கெனேல்வே, கிடையவே கிடையாது, தேவாலயத்தில் நாம் மண்டியிடுவதைப் போல அது மண்டியிடும் என்றாள். முப்பத்து நான்கு வருடம் இது நடந்தது. சூப்பில் உப்புக் குறைந்தால் நான் சூப்பைப் பற்றிப் பேச மாட்டேன், “அகட்டும்” என்பேன். அவள் “மண்டியிடும்” என்பாள். மருத்துவமனையில் கடைசி வாரம், பேச்சு குறைந்துபோன பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு, “மண்டிதான் போடும். நீங்களே போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க” என்றாள். அவளுக்குப் பரிசு விழப்போவது அப்போது யாருக்கும் தெரியாது.

அதனால் போனேன், மைத்துனரே. தங்களிடம் கேட்காமல் போனேன், கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். துக்கத்தில் இருப்பவன் பிறர் கூரையின் கீழ் உறங்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் வீடு சேர வேண்டும், பாதையைக் குறுக்கே கடந்தால் மொகாகா கிழங்கைக் கிள்ளித் தூவிவிட்டுக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் மனிதனுக்கும் மாட்டுக்கும் அவன் துக்கம் ஒட்டிக்கொள்ளும் என்று தாங்கள் சொன்ன மூன்றையும் பதினோரு மாதம் ஒரு நாள் தவறாமல் காப்பாற்றினேன். காட்டுக்குப் போவதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். கூடாரம் கூரை அல்ல, துணி. துணி என்றால் உடை. உடைக்குள் உறங்க யாருக்கும் தடை இல்லை. நான்கு நாளைக்குக் கூடாரமே வீடு என்பதால் பொழுது சாய்வதற்குள் அதற்குள் புகுந்துகொண்டால் இரண்டாவது விதியும் காப்பாற்றப்பட்டது. ஒரு பிள்ளை இப்படிக் கணக்குப் போட்டிருந்தால் காதைத் திருகியிருப்பேன். மூன்றாவது விதிக்காக ஒரு பை நிறைய மொகாகா எடுத்துக்கொண்டேன். கோட்டுப் பையில், ஜூலையில் தாங்கள் அன்போடு கொடுத்தனுப்பிய உப்புக்கண்டம் ஏழு துண்டு. அதில் ஒன்றைக் கான்யேயில் வாயில் போட்டேன். வழியில் கான்சியில் பேருந்து நிற்கும்போதும் அதே துண்டுதான் வாயில் இருந்தது. காட்டோர ஊரான மவுன் வந்து சேர்ந்தபோதும் அது இருந்தது, என் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

மவுனில் எங்களைக் கூட்டிப்போக வந்தவள் ஒனாலென்னா, வண்டி ஓட்டி வழிகாட்டுபவள், க்வாய் ஆற்றுக்கரை ஊர்க்காரி, நாற்பது வயதிருக்கும். ‘திரு ஒலெபிலே, திருமதி கெனேல்வே’ என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் பின்னால் இறங்குபவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு என் கோட்டுக் கையில் தைத்திருந்த கறுப்புப் பட்டையைப் பார்த்தாள். அட்டையை இரண்டாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு என் பெட்டியை வாங்கிக்கொண்டாள். அவளைப் பற்றி நான் கொண்ட நல்ல எண்ணம் அங்கே தொடங்கியது. எங்களோடு ஹாலந்துக்காரத் தம்பதி ஒன்றும் வந்தது. கணவர் பறவைகளை மட்டுமே பார்ப்பார். மனைவி பார்ப்பதை எல்லாம் படமெடுப்பார்.

ஆனால் முகாமின் சமையல்காரன் லெட்சோலோ கறுப்புப் பட்டையைப் படிக்கிற ஆள் இல்லை, பேப்பரைப் படிக்கிற ஆள். என் கூடாரத்தில் இரண்டு கட்டில், இரண்டு போர்வை, நெருப்பின் பக்கத்தில் எனக்கென்று இரண்டு நாற்காலி, மேசையில் இரண்டு தட்டு. நான் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

“லெட்சோலோ, நான் ஒருத்தன்தான்.”

“பேப்பர்ல ரெண்டு பேரு, ரா.”

“அந்த ரெண்டாவது ஆள் என் சம்சாரம். இறந்துட்டா.”

“ஐயோ, பாவமே. ரொம்ப வருத்தம், ரா.” தொப்பியைக் கழற்றினான். அதன் தூசியைத் தட்டினான். தொப்பியைப் போட்டுக்கொண்டான். “ஆனா பேப்பர்ல ரெண்டு பேருல்ல இருக்கு. சாமான் ரெண்டு பேருக்கு எண்ணிக் குடுத்திருக்காங்க. மிஞ்சித் திரும்பிப் போச்சுன்னா, வந்தவங்களைப் பட்டினி போட்டேன்னு சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“அதுக்கு நான் என்ன பண்றது?”

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நான் தட்டை வச்சுடறேன். அப்புறம் நீங்களாச்சு, அவங்களாச்சு.”

பேப்பருக்காகத் தட்டு வைக்கும் ஒரு மனிதனை நினைத்து அன்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். இறைச்சியும் கஞ்சியும் அந்தத் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன, கடைசியில் ஒரு கருமுகக் குரங்கு வந்து கீரையை ஒதுக்கிவிட்டு மற்றதைத் தின்றது. கெனேல்வேயும் கீரையை ஒதுக்குவாள். ஆகஸ்ட் இறுதியிலும் அங்கே இரவுக் குளிர் எலும்பைத் தொடுகிறது என்பதால் ஆளுக்கு ஒரு வெந்நீர்ப் பை தருகிறார்கள். பக்கத்துக் கட்டிலின் போர்வைக்குள்ளும் ஒன்று வைத்துவிட்டுப் போயிருந்தான். கை நீட்டித் தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. இதைப் பற்றி மேலே எழுத மாட்டேன்.

மறுநாள் காலையில் வண்டி புறப்பட்டு இருபது அடி போவதற்குள் நான், “நிறுத்துங்க, மா” என்றேன்.

“எங்க? சிறுத்தையா?” என்றாள் ஒனாலென்னா. ஹாலந்து அம்மா கேமராவைத் தூக்கிவிட்டார்.

“தடம் ஒண்ணு குறுக்கே போகுது.” மொகாகாவைக் கிள்ளித் தூவினேன். “இப்பப் போகலாம்.”

மைத்துனரே, அந்தக் காட்டில் குறுக்கே தடம் போகாத இடம் ஒரு வீட்டு முற்றத்தின் அகலம்கூட இல்லை. பதினேழாவது முறை நிறுத்தச் சொன்னபோது அவள் இயந்திரத்தை அணைத்துவிட்டு முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“வாத்தியாரே, இதெல்லாம் யானை போட்ட தடம், நீர்யானை போட்ட தடம். அதுங்களுக்கு உங்க துக்கம் ஒட்டாது.”

“ஏன் ஒட்டாது? யானை செத்த யானையோட எலும்பைத் தடவித் தடவிப் பாக்கும். நானே பாடம் எடுத்திருக்கேன்.”

“அப்ப அதுக்குச் சொந்தத் துக்கமே நிறைய இருக்கு. உங்களோடதை வேற ஏன் தூவுறீங்க?”

“ஒட்டக் கூடாதுன்னுதான் தூவுறேன்.”

“ஆத்தாடி. சரி, தூவுங்க. உக்காந்த எடத்துலருந்தே தூவுங்க. கீழ மட்டும் இறங்கிடாதீங்க, அப்புறம் உங்களுக்குத் துக்கம் காக்க இன்னொரு ஆளைத் தேடணும்.”

பதினெட்டாவது தூவலை ஒரு பெரிய ஆண் யானை வந்து தும்பிக்கையால் முகர்ந்து பார்த்தது, எங்களைப் பார்த்தது, மறுபடி முகர்ந்தது, பிறகு வழியை மறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றது. எங்கள் துக்கத்தைக் கேட்டுவிட்டுத் தன்னுடையதைச் சொல்ல வார்த்தை தேடுவது போல இருந்தது. ஹாலந்து அம்மா மெல்ல என்னிடம் இது என்ன கிழங்கு என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்குமுன் ஒனாலென்னா, சிங்கம் வராமல் இருக்க என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா ஒரு பிடி வாங்கிப்போய்த் தன் கூடாரத்தைச் சுற்றித் தூவினார். காலையில் பார்த்தால் என் கூடாரத்தைச் சுற்றிச் சிங்கத்தின் காலடி, அவர் கூடாரத்தைச் சுற்றி ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு மீதி மொகாகாவைக் கேட்டு அவர் கையை நீட்டியபோது நான் எப்படி மறுப்பது? விருந்தாளிக்கு இல்லை என்று சொல்லும்படி தாங்களும் வளர்க்கப்படவில்லை, நானும் வளர்க்கப்படவில்லை. ஆக, மூன்றாம் நாள் நான் பாதைகளை வெறுங்கையோடு கடந்தேன். நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன், தாங்கள் எப்படி நினைக்கிறீர்களோ.

அந்த மூன்றாம் நாள் மதியம் ஆற்றோரத்தில் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தோம். வயதான ஆண், கறுத்துப்போன தோல், தனியாக நின்றது. தண்ணீரைப் பார்த்தது, புதரைப் பார்த்தது, தண்ணீரைப் பார்த்தது. இப்படி நாற்பது நிமிடம். ஹாலந்துக்காரர் ஒரு மீன்கொத்தியின் பக்கம் திரும்பிவிட்டார். “குடிக்கறதுக்கு முன்னாடி இது ரொம்ப யோசிக்கும், வாத்தியாரே. ஊர்க் கூட்டம் மாதிரி, தீர்மானம் வர்றதுக்குள்ள தண்ணி வத்திடும்” என்றாள் ஒனாலென்னா. பிறகு அது முன்னங்கால்களை அகட்டியது. கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அகட்டியேவிட்டது, மச்சான்! முப்பத்து நான்கு வருடம்! நான் இடது பக்கம் திரும்பி, “பாத்தியா!” என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன். இடது பக்க இருக்கையில் லெட்சோலோ கட்டிக் கொடுத்த இரண்டாவது சாப்பாட்டுப் பொட்டலம் உட்கார்ந்திருந்தது.

மறுபடி நான் ஆற்றைப் பார்த்தபோது அது குடிக்கத் தொடங்கியிருந்தது. அகட்டிய கால்கள் இரண்டும் முழங்காலில் மடங்கியிருந்தன. தரையைத் தொடவில்லை, ஆனால் மடங்கியிருந்தன. தேவாலயப் பின்வரிசையில் கால் வலியோடு மண்டியிடும் கிழவரைப் போல. அவளுக்குப் பாதி மதிப்பெண், எனக்குப் பாதி மதிப்பெண்.

ஒனாலென்னாவிடம் வழக்கைச் சொன்னேன். “சிலது அகட்டும், சிலது மடக்கும், சிலது ரெண்டையும் பண்ணும். எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியுமே” என்றாள். “முப்பத்து நாலு வருசத்துல யாரையாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, வாத்தியாரே?”

“கேட்டிருந்தா அப்புறம் நாங்க எதைப் பேசறது?” என்றேன்.

முகாமுக்குத் திரும்பியபோது சூரியன் இன்னும் மரங்களுக்கு மேலே இருந்தது. நல்ல வெக்கை. கோட்டுக்குள் வெந்துபோயிருந்தேன். குளிக்கப் போகுமுன் கோட்டைக் கழற்றினேன். கூடாரத்துக்குள் வைத்திருக்கலாம். ஆனால் நெருப்பின் பக்கத்தில் என் நாற்காலியை ஒட்டி அந்த இன்னொரு நாற்காலி வெறுமையாக நின்றது, அது வெறுமையாக நிற்பது அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. அதன் முதுகில் கோட்டை மாட்டிவிட்டுப் போனேன். கித்தான் மறைப்புக்குப் பின்னால் மரத்தில் தொங்கும் வாளியைத் திறந்து, தலைக்குச் சோப்புப் போட்டிருந்த நேரத்தில் லெட்சோலோ பாத்திரத்தைத் தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நல்ல பருமனான கழுதைப்புலி ஒன்று பட்டப்பகலில் முகாமுக்குள் வந்துகொண்டிருந்தது. மணி அடித்து அரை மணி கழித்து வகுப்புக்குள் வரும் பிள்ளை எப்படி யாரையும் பார்க்காமல் நேராகத் தன் இடத்துக்குப் போவான், அப்படி நேராக அந்த நாற்காலிக்குப் போனது. முகர்ந்தது. காலரைக் கவ்வியது.

நான் ஓடினேன். இடுப்பில் துண்டு, தலையில் நுரை. “நில்லு! அங்கயே நில்லு!” என்று வகுப்பறைக் குரலில் கத்தினேன். மச்சான், அது நின்றது. திரும்பி என்னைப் பார்த்தது. என் குரலுக்கு இன்னும் அவ்வளவு மரியாதை இருக்கிறது.

“வாத்தியாரே, ஓடாதீங்க!” என்று ஒனாலென்னா வண்டியிலிருந்து குதித்தாள். “அதோட மூஞ்சியப் பாத்துக்கிட்டே பின்னால வாங்க. மெதுவா!”

“என் கோட்டு!”

“கோட்டுதானே, போனாப் போவுது!”

“அது மச்சான் போட்டுவிட்ட கோட்டு! மச்சான்தான் கழட்டணும்!”

“அதைக் கழட்டியாச்சு! அடுத்து உங்க தோலைக் கழட்டறதுக்குள்ள வாங்க!”

அது என்னை மேலும் கீழும் பார்த்தது, என்னிடம் எடுத்துப்போக வேறு ஒன்றும் இல்லை என்று முடிவுசெய்தது, புதருக்குள் நடந்தது. கோட்டின் ஒரு கை தரையில் இழுபட்டு, மேடு பள்ளத்தில் ஆடி ஆடிப் போனது. பார்ப்பதற்கு யாரோ கையசைத்து விடைபெறுவதைப் போல இருந்தது. அந்தக் கையில்தான் கறுப்புப் பட்டை இருந்தது. எல்லாவற்றையும் ஹாலந்து அம்மா படமெடுத்துவிட்டார். ஹாலந்தில் ஏதாவது ஒரு சுவரில் நான் துண்டோடு தொங்குவேன், நம் குடும்பத்திலிருந்து வெளிநாடு போன முதல் ஆள் அப்படித்தான் போயிருக்கிறான்.

மறுநாள் காலை தேடியதில் ஒரு பொத்தான் கிடைத்தது. ஆற்றுக்கு அப்பால் பழைய எறும்புத்தின்னி வளையில் அந்தக் கழுதைப்புலி குட்டி போட்டிருப்பதாகவும், அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் பார்ப்பதாகவும் ஒனாலென்னா சொன்னாள். எனக்கு நம்பிக்கை இல்லை. சட்டையோடு பேருந்தில் திரும்பினேன். ஒரு வருடத்தில் முதல்முறையாக ஆட்கள் என் பக்கத்தில் வந்து தயங்காமல் உட்கார்ந்தார்கள், ஒருவர் கையைக்கூடக் குலுக்கினார். எனக்கு அது பிடிக்கவில்லை.

இப்போது என் விண்ணப்பம். ஓர் உதாரணம் சொல்கிறேன். தேர்வு எழுதிய பிள்ளையின் விடைத்தாள் தொலைந்துபோனால் நாம் அவனுக்குத் தேர்ச்சி போடுவதில்லை. மறுபடி எழுதச் சொல்கிறோம். கோட்டு இல்லாமல் எதைக் கழற்றுவீர்கள்? எதை எரிப்பீர்கள்? வெறும் ஆளைப் பார்த்து, துக்கம் முடிந்தது என்று சொன்னால் முன்னோர்கள் ஒப்புக்கொள்வார்களா? ஆகவே சனிக்கிழமையை நிறுத்திவிடுங்கள். எனக்கு இன்னொரு கோட்டு வாங்கிப் போட்டுவிடுங்கள், நான் இன்னொரு வருடம் இருக்கிறேன். எனக்கு ஒரு சிரமமும் இல்லை, பழகிவிட்டது. அக்கா எனக்காகப் பார்த்துவைத்திருக்கும் அந்தத் தையல்கார அம்மாவையும் ஒரு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள், அதற்குள் அவருக்கு நல்ல இடம் அமைந்துவிடும். ஆட்டை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதுவும் ஒரு வருடம் இருக்கட்டும்.

பழியைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கழுதைப்புலியைக் கூப்பிட்டது என் வியர்வை நாற்றம் அல்ல, கோட்டுப் பையிலிருந்த தங்கள் உப்புக்கண்டம். ஆறு துண்டும் உள்ளேதான் இருந்தன. ஆகவே குற்றத்தில் பாதி தங்களுடையது. தீர்ப்புச் சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். கடைக்காரருக்கு வணக்கம். ஒற்றைக் கொம்புச் செவலைக்கு இந்த முறையாவது கிடாரிக் கன்று விழட்டும், கிணற்றில் தண்ணீரும் மோட்டாரில் உயிரும் நிற்கட்டும், தங்கள் கூரை மீதும் என் கூரை மீதும் ஒரே நாளில் மழை இறங்கட்டும்.

தங்கள் தங்கையின் கணவன்,
ஒலெபிலே

பின்குறிப்பு, புதன்கிழமை மாலை: ஒட்டிய உறையைக் கிழித்து எழுதுகிறேன். மவுன் பேருந்தில் ஒனாலென்னா ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறாள். கோட்டு வந்துவிட்டது. இரண்டு குட்டிகள் அதன் மேல் படுத்துக் கிடந்தனவாம், அவை வெளியே விளையாடப் போன நேரத்தில் ஒரு கம்பால் இழுத்தாளாம். காலர் இல்லை, ஒரு கை இல்லை. கறுப்புப் பட்டை தைத்த கை அப்படியே இருக்கிறது. அக்காவின் தையலைக் கழுதைப்புலியாலும் பிரிக்க முடியவில்லை என்று அவர்களிடம் சொல்லுங்கள். பைக்குள் தங்கள் உப்புக்கண்டம் ஆறு துண்டும் அப்படியே இருக்கின்றன. ஒன்றில் மட்டும் பல் பட்ட தடம். எருமையின் தொடையெலும்பை நொறுக்குகிற பிராணி அது. வழியில் கால்நடை நோய்த் தடுப்பு வேலிச் சாவடியில் இறைச்சி என்றால் எதையும் விடமாட்டார்கள். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தவர், ‘பழைய கோட்டு ஒன்று, மரத்துண்டு ஆறு’ என்று சீட்டு எழுதி ஒட்டி அனுப்பியிருக்கிறார்.

ஆக, அது உப்புக்கண்டத்துக்காக வரவில்லை. தங்கள் மீது நான் போட்ட பாதிக் குற்றத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விடைத்தாளும் கிடைத்துவிட்டது. மேலே எழுதிய விண்ணப்பம் செல்லாது.

லெட்சோலோவை நினைத்துச் சிரித்தேன் என்று எழுதியிருந்தேன். மச்சான், ஒரு வருடமாக இந்த வீட்டில் நானும் இரண்டு தட்டுதான் வைக்கிறேன். அவனுக்காவது ஒரு பேப்பர் இருந்தது.

சனிக்கிழமை விடியற்காலையில் வந்துவிடுங்கள். தீப்பெட்டி எடுத்து வைத்துவிட்டேன். எரித்து முடித்ததும் அந்த இரண்டாவது தட்டில் முதலில் நீங்கள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் அதில் சாப்பிடலாம். உப்புக்கண்டம் மட்டும் கொண்டுவர வேண்டாம்.